நாகரிகம் சமைக்கும் ஆட்டம்
(பிறீசிவ் என்னும் கணினி ஆட்டம் பற்றிய ஓர் ஆய்வு)

தோற்றுவாய்

விளையாட்டும் கல்வியும் ஒன்றுக்கொன்று பகை என்பது ஆசிரியர் பலருடைய உள்ளத்திலே வேரூன்றிய கொள்கையாகும். யாமும் நெடுங்காலம் அக்கொள்கையினராகவே இருந்தோம். மைதானத்திலே ஆடும் ஆட்டம் உடலுக்கு உறுதி தரும் என்பதை ஒப்புக்கொண்டோம். கணினியின் முன்னிருந்து ஆடும் ஆட்டத்தாற் கண்ணும் காலமும் கெடுவதன்றி வேறு பயனில்லை என்று வகுப்பறையிற் பன்முறை கூறியும் இருக்கின்றோம். அக்கூற்றை முற்றாக மீட்டுக்கொள்வதற்கு இக்கட்டுரையை எழுதவில்லை. அதிற் பாதி தவறு என்பதை ஒப்புக்கொள்வதற்கே எழுதுகின்றோம்.

நிகழ்ந்தது இது. ஒருநாள் மாலை, கணினிக் கூடத்தைப் பூட்டுவதற்குச் சென்ற யாம், உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் திரையின் முன்னே அசையாது இருத்தலைக் கண்டோம். திரையிலே ஒரு நிலப்படம், அதன்மேற் சிறு நகரங்கள் சில, சாலைகள், வயல்கள். வெடியோசை இல்லை, ஓட்டமில்லை, கூச்சலில்லை. அவன் கன்னத்திற் கையூன்றி எதையோ எண்ணிக்கொண்டிருந்தான். "சோதனை நெருங்குகிறது, உனக்கு விளையாட்டோ?" என்று கடிந்தோம். அவன் எழுந்து நின்று, "சேர், ஒருக்கா இருந்து பாருங்கோ. பிறகு ஏசுங்கோ" என்றான். இருந்தோம். கால் மணி நேரம் என்று கருதி இருந்தது இரண்டு மணி நேரமாயிற்று. அன்று யாம் கண்டதும், அதன்பின் ஆடியும் தேடியும் அறிந்ததும் இங்கே தொகுத்துரைக்கப்படுகின்றன.

ஆட்டத்தின் பிறப்பு

அம்மாணவன் ஆடிய ஆட்டத்தின் பெயர் பிறீசிவ். அதன் வரலாற்றை அறிதற்கு அதற்கு முன் எழுந்த ஆட்டம் ஒன்றை முதலில் அறிதல் வேண்டும். 1991ஆம் ஆண்டிலே சிட் மையர், புறூஸ் செல்லி என்னும் அமெரிக்கர் இருவர் வகுத்த சிவிலிசேசன் என்னும் கணினி ஆட்டம் மைக்றோபுறோஸ் என்னும் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. ஒரு கூட்டத்தார் ஊரொன்றை அமைத்து, பயிர் செய்து, எழுத்தறிந்து, அரசமைத்து, ஈற்றில் விண்வெளிக்குக் கலம் அனுப்பும் வரையுள்ள நெடுங்கதையை ஆடுபவரே நடத்திச் செல்லுதல் அவ்வாட்டத்தின் பொருள். அது பெரும்புகழ் பெற்றது. ஆயினும், விலை கொடுத்தே அதனைப் பெறல் வேண்டும். அது எவ்வாறு இயற்றப்பட்டது என்பதை வாங்கியவரும் அறிதல் இயலாது.

டென்மார்க்கு நாட்டிலே ஆர்கூஸ் பல்கலைக்கழகத்திற் கணினி அறிவியல் பயின்ற மாணவர் மூவர் இருந்தனர். பீற்றர் உனோல்ட், கிளவுஸ் லேத் கிறெகர்சன், அலன் ஓவ கெல்ட்பியெர்க் என்பன அவர்தம் பெயர்கள். எக்ஸ்பைலற் என்னும் விண்கல ஆட்டத்தை வலையமைப்பின் வழியே பலராகச் சேர்ந்து ஆடுதல் அவர்களுக்கு வழக்கம். அதைப் போலவே சிவிலிசேசனையும் பலர் தத்தம் கணினியிலிருந்து சேர்ந்தாடல் இயலாதோ என்னும் எண்ணம் அவர்களிடையே எழுந்தது. 1995ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வேலையைத் தொடங்கினர். 1996ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே ஆடத்தக்க முதற் பதிப்பு வெளிவந்தது. சிவிலிசேசனின் நிரலில் ஒரு வரியையேனும் அவர்கள் எடுத்தாளவில்லை. ஆட்டத்தின் விதிகளை அதனை ஒட்டி வகுத்துக்கொண்டு, நிரல் முழுவதையும் தாமே புதிதாக எழுதினர்.

அதன்பின் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. தாம் எண்ணியது இயலும் என்று காட்டியாயிற்று என்னும் நிறைவோடு, ஆட்டம் சற்றுச் சுவை குன்றியது என்று கருதி, அம்மூவரும் தம் பழைய விண்கல ஆட்டத்திற்கே மீண்டனர். தொடங்கியவர் கைவிட்டமையால் அது மடிந்திருத்தல் வேண்டும், மடியவில்லை. ஏனெனில், அவர்கள் நிரலைப் பூட்டி வைக்கவில்லை. எவரும் எடுத்துத் திருத்தலாம் என்னும் உரிமத்தோடு உலகுக்கு விட்டிருந்தனர். முதற் பதிப்பிலே மனிதரோடு மனிதர் மட்டுமே ஆடுதல் இயலும். கணினியே எதிர்நின்று ஆடும் வகையைப் பின்வந்தோர் சேர்த்தனர். வேறு வேறு வகைக் கணினிகளில் இயங்குமாறு செய்தோர் பிறர். பல மொழிகளிற் பெயர்த்தோர் பிறர். இணைய உலாவியிலேயே ஆடத்தக்க வடிவத்தைப் பிற்காலத்தில் ஆக்கியோர் பிறர். இவருட் பலர் ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாதவர். இவ்வேலையை ஊதியமின்றிச் செய்தவர். தொடக்கம் முதல் முப்பது ஆண்டுகள் நிரம்பிய பின்னரும் அவ்வாட்டம் வளர்ந்துகொண்டே இருக்கின்றது.

முறையும் பொறுமையும்

கணினி ஆட்டங்கள் பெரும்பாலும் விரல்விரைவை வேண்டுவன. இது அத்தகையதன்று. இது முறைவழி நடக்கும் ஆட்டம். ஒரு முறையிலே ஆடுபவர் தம் மக்களை நகர்த்துவர். நகரங்களில் எவற்றைச் செய்தல் வேண்டும் எனப் பணிப்பர். பின்னர் "முடிந்தது" என்று அறிவிப்பர். எல்லாரும் முடித்தபின் காலம் ஒருபடி நகரும். பயிர் விளையும், குடி பெருகும், வரி சேரும். சதுரங்கத்தில் ஒருவர் நகர்த்த மற்றவர் காத்திருப்பர். இவ்வாட்டத்திலோ பொதுவாக எல்லாரும் ஒரே முறையில் ஒருங்கே நகர்த்துவர்.

இதற்கென ஆட்டம் இரு கூறாக இயற்றப்பட்டுள்ளது. உலகம் முழுவதையும் நினைவில் வைத்துக் கணக்கிடும் வழங்கி ஒன்று. ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் அவர் காணத்தக்கதை மட்டும் காட்டி, அவர் பணித்ததைக் கொண்டு சென்று கொடுக்கும் ஏவலன் போன்ற கூறு மற்றொன்று. ஆட்டக்காரரின் கணினி அறிவிப்பதை வழங்கி அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. விதிக்குப் பொருந்துமா என்று ஆராய்ந்தே ஏற்கும். வழக்காடுவோர் இருவருக்கும் பொதுவாய் நின்று தீர்ப்புரைக்கும் நடுவரைப் போன்றது அது.

ஆட்டம் கிறித்துவுக்கு முன் 4000ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. தொடக்கத்திற் படம் இருண்டிருக்கும். குடியேற்றக்காரர் சிலரும், வழி தேடுவோர் ஓரிருவருமே கையில் இருப்பர். நடக்க நடக்க நிலம் புலனாகும்.

நிலமும் உணவும்

தமிழாசிரியராகிய எமக்கு இவ்வாட்டத்தில் முதலில் இனித்தது நிலப்பாகுபாடு. நிலம் கட்டங்களாக வகுக்கப்பட்டுள்ளது. புல்வெளி, சமவெளி, குன்று, மலை, காடு, பாலை, சதுப்பு, கடல் என ஒவ்வொன்றும் தனித்தனிப் பயன் தரும். பயன் மூவகை: உணவு, ஆக்கம், வாணிகம். யாம் இங்குக் கூறும் எண்கள் அதன் பழைய விதித்தொகுதிக்கு உரியவை. புல்வெளி 2 உணவு தரும். சமவெளி 1 உணவும் 1 ஆக்கமும் தரும். காடு 1 உணவும் 2 ஆக்கமும் தரும். கடல் 1 உணவும் 2 வாணிகமும் தரும். முல்லை, குறிஞ்சி, மருதம், நெய்தல், பாலை என நிலம் பகுத்து, அவ்வந் நிலத்துக்கு உரிய உணவும் தொழிலும் வகுத்த மரபிற் பயின்ற மாணவனுக்கு இதனை விளக்குதல் எளிது. நிலத்தைப் பொறுத்தே வாழ்க்கை அமையும் என்பது இரண்டிற்கும் பொது. நம் மரபு நிலத்தை மக்களின் ஒழுக்கத்தோடு இயைத்தது. ஆட்டம் அதனைக் கணக்கோடு மட்டுமே இயைக்கின்றது. வேற்றுமை அதுவே.

ஒரு நகரம் தன்னைச் சூழ்ந்த 20 கட்டங்களிலும், தான் இருக்கும் கட்டத்திலும் பயன் கொள்ளலாம். ஆயினும் குடிகள் எத்தனை பேரோ அத்தனை கட்டங்களிலேயே உழைப்பு நிகழும். குடி ஒவ்வொன்றும் முறைக்கு 2 உணவு உண்ணும். உண்டது போக எஞ்சியது களஞ்சியத்திற் சேரும். களஞ்சியம் நிரம்பினாற் குடி ஒன்று பெருகும். குடி 8 ஆனபின் நீர்க்கால்வாய் கட்டினாலன்றி நகரம் வளராது. 16 ஆனபின் கழிவுநீர் வாய்க்கால் வேண்டும். குடிநீரும் துப்புரவும் இன்றி ஊர் பெருகாது என்னும் உண்மையை எத்தனையோ பக்கங்களிற் படித்தும் மறந்துவிடும் மாணவன், தன் நகரம் எட்டிலே தடைப்பட்டு நிற்பதைக் கண்டபின் மறப்பதில்லை.

சதுரங்கத்திலே காலாளும் யானையும் உண்பதில்லை. அரசன் வரி தண்டுவதில்லை. பலகைக்கு வெளியே அங்கு நாடில்லை. இவ்வாட்டத்திற் படைவீரன் ஒருவனை எழுப்பினால் அவனைத் தாங்கும் பொறுப்பு ஏதேனும் ஒரு நகரத்தின் தலையில் ஏறும். போர் என்பது வயலிலிருந்து எடுக்கப்படும் செலவு என்பதைச் சொற்பொழிவு இன்றியே ஆட்டம் உணர்த்துகின்றது.

ஆட்சியும் குடிகளும்

ஆட்சி முறைகள் பல. எதேச்சாதிகாரம், முடியாட்சி, பொதுவுடைமை, குடியரசு, சனநாயகம் என்பன அவை. ஓர் ஆட்சியிலிருந்து மற்றோர் ஆட்சிக்கு மாறும்போது இடையே அராசகம் சில முறை நிகழும். எவ்வாட்சியும் முற்றும் நன்றாகவோ முற்றும் தீதாகவோ காட்டப்படவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை உண்டு.

தொடக்கத்தில் எல்லாரும் எதேச்சாதிகாரிகளே. அவ்வாட்சியில் ஒரு விதி உண்டு. எக்கட்டமேனும் எவ்வகைப் பயனையேனும் இரண்டிற்கு மேலே தருமாயின், அதில் ஒன்று குறையும். இதனால் நிகழ்வது யாது? 2 உணவு தரும் புல்வெளிக்கு நீர்பாய்ச்சினால் 3 உணவு விளைதல் வேண்டும். எதேச்சாதிகாரத்திலோ அந்த மூன்று மீண்டும் இரண்டாகிவிடும். உழைத்தவன் கண்டது ஒன்றுமில்லை. முடியாட்சிக்கு மாறிய அன்றே அதே வயல் மூன்று தரும். ஆட்சி கொடிதாயின் மிகை உழைப்பு வீணாகும் என்பதை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. குடியரசிலும் சனநாயகத்திலும் வாணிகம் செழிக்கும். ஆனால் படையை வெளிநாட்டுக்கு ஏவினால் ஊரிலுள்ளார் வெறுப்படைவர். சனநாயகத்தில் ஒரு நகரத்துக் கலகம் தணியாது நீடித்தால் ஆட்சியே கவிழும்.

இனி, எம் தோல்வியைக் கூறுதல் வேண்டும். முதல் நாள் மாணவனை அருகில் இருத்தி யாமே ஆடினோம். ஊர்கள் ஆறு அமைத்தோம். பயிர் நன்றாக விளைந்தது. அயலார் எல்லையில் ஓர் அன்னியப் படை தென்பட்டமையால், எல்லா ஊர்களிலும் வீரரையே ஆக்கி எல்லைக்கு அனுப்பினோம். ஊர்களிற் குடி ஐந்தானது. ஒரு நகரிலே முதல் நால்வர் தாமே அமைதியாய் இருப்பர். ஐந்தாமவர் மனக்குறையுடையவராய்ப் பிறப்பார் என்பது விதி. மகிழ்ந்தவரினும் வருந்தியவர் மிகுந்தாற் கலகம் உண்டாகும். கலகம் உண்டான ஊரில் வரியும் இல்லை, ஆராய்ச்சியும் இல்லை, மிகை ஆக்கமும் இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக எம் ஆறு ஊர்களும் கலகத்தில் வீழ்ந்தன. எல்லையில் வீரர் நின்றனர். உள்ளே நாடு இல்லை. பகைவர் வருமுன்னரே யாம் தோற்றோம்.

மாணவன் சற்று நேரம் பேசாதிருந்து, மெல்லச் சொன்னான்: "சேர், நீங்கள் எல்லையைத்தான் பாத்தீங்கள். சனத்தைப் பாக்கேல்லை."

அவன் ஆட்டத்தைப் பற்றியே கூறினான். ஆயினும் அச்சொல் எம்மை வீடுவரை பின்தொடர்ந்தது. வகுப்பறையிலே சோதனைப் பெறுபேறு என்னும் எல்லையையே பார்த்து நிற்பவர் ஆசிரியராகிய யாம் அல்லோமோ? முன்வரிசையில் நால்வர் தாமே படிப்பர். ஐந்தாமவன் எங்கிருக்கின்றான், அவனுக்கு என்ன மனக்குறை என்பதை எத்தனை நாள் கேட்டிருப்போம்? மறுநாள் வகுப்பிற்கு முன்னிருந்ததினும் சற்று வேறாகவே சென்றோம். இதற்குமேல் இங்கு விரித்தல் வேண்டா.

திருக்குறளின் பொருட்பாலிலே 74ஆம் அதிகாரம் நாடு, 75 அரண், 76 பொருள்செயல்வகை, 77 படைமாட்சி. நாட்டின் இயல்பைக் கூறியபின், காவலும் பொருளும் உரைத்து, அதன் பின்னரே படை பேசப்படுகின்றது. அவ்வதிகாரங்களைப் பல ஆண்டு கற்பித்த யாம், அவற்றின் வைப்பு முறையை ஆட்டத்திலே தோற்ற பின்னரே நின்று நோக்கினோம்.

கல்வி என்னும் மரம்

வாணிகத்தால் வரும் வருவாயை வரி, ஆராய்ச்சி, குடிகளின் நுகர்வு என மூன்றாகப் பகுத்தல் ஆடுபவர் கடன். ஒன்றுக்கே எல்லாம் கொடுத்தலும் இயலாது. எதேச்சாதிகாரத்தில் ஒரு பங்கு 60 வீதத்தை மிஞ்சலாகாது. சனநாயகத்தில் 90 வீதம் வரை செல்லலாம். ஆராய்ச்சிக்குச் சென்ற பங்கு அறிவாகச் சேரும்.

அறிவுத்துறைகள் எண்பதிற்கு மேற்பட்டவை மரம்போல் அமைக்கப்பட்டுள்ளன. ஒன்றை அறிதற்கு முன் வேறு சிலவற்றை அறிதல் வேண்டும். நெடுங்கணக்கு அறிந்தபின்னரே எழுதுதல், நெடுங்கணக்கிலிருந்தே சட்டத்தொகுப்பு, எழுதுதலும் சட்டமும் கூடியபின்னரே கல்வியறிவு. நெடுங்கணக்கும் கட்டடக்கலையும் கூடிக் கணிதம் பிறக்கும். எழுதுதல் அறிந்த நாட்டினரே நூலகம் கட்டலாம். நூலகம் உள்ள நகரில் ஆராய்ச்சி அரைப்பங்கு மிகும். மெய்யியலை முதலிற் கண்டடைந்தவர்க்கு மற்றொரு துறை இனாமாகக் கிடைக்கும். எழுத்தே பிற பல துறைகளுக்கும் அடி என்று காட்டும் இம்மரத்தைத் தமிழாசிரியர் எவரும் வெறுக்கமாட்டார்.

"ஏன் படிக்க வேண்டும்?" என்று கேட்கும் கீழ்வகுப்பு மாணவனுக்கு இம்மரம் நேரிய விடை தருகின்றது. இன்று பயனற்றதாய்த் தோன்றும் ஒரு பாடம் நாளை வேறிரண்டின் வாயிலாக இருக்கும். வாயிலை மூடிவிட்டு உள்ளறையை அடைதல் இயலாது.

கட்டற்றது என்பதன் பொருள்

இவ்வாட்டம் கட்டற்ற மென்பொருள் எனப்படும். இச்சொல்லிற் பலர் மயங்குவர். ஆங்கிலத்தில் விலையின்மைக்கும் விடுதலைக்கும் பிறீ என்னும் ஒரே சொல் வழங்குதலே மயக்கத்துக்குக் காரணம். தமிழில் அத்தொல்லை இல்லை: இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. இவ்வாட்டம் இலவசமாகவும் கிடைக்கின்றது. ஆயினும் அதன் சிறப்பு இலவசத்தில் இல்லை, சுதந்திரத்தில் இருக்கின்றது.

இக்கொள்கையை முன்னின்று வளர்த்தவர் றிச்சட் ஸ்ரோல்மன் என்னும் அமெரிக்க அறிஞர். 1983இல் குனூ என்னும் திட்டத்தை அறிவித்து, 1985இற் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை நிறுவினார். அவர் வகுத்த பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு 1991இல் வெளிவந்தது. அவ்வுரிமத்தின் கீழேயே பிறீசிவ் வழங்கப்படுகின்றது. அது பயனருக்குத் தரும் உரிமைகள் நான்கு. எந்நோக்கத்துக்கும் இயக்கலாம், மூலநிரலைப் படித்து மாற்றலாம், படியெடுத்துப் பிறர்க்குக் கொடுக்கலாம், தாம் மாற்றியதையும் பிறர்க்கு வழங்கலாம். கடமை ஒன்றும் உண்டு: மாற்றியதைப் பிறர்க்கு வழங்குவோர் அதன் மூலநிரலையும் அதே உரிமைகளோடு வழங்குதல் வேண்டும். பெற்றவன் கதவைச் சாத்தலாகாது என்பது இதன் கருத்து. திறந்த மூலம் என்னும் பெயர் 1998இல் வழக்குக்கு வந்தது.

நமக்கு இது முற்றும் புதியதன்று. ஏட்டுச் சுவடியைப் பிறர் தொடலாகாது என்று பெட்டியிற் பூட்டியவர் வீட்டிலே செல் அதனைத் தின்றது. படியெடுக்கக் கொடுத்தவர் சுவடி வாழ்ந்தது. சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் சுவடிகளைத் தேடி ஒப்புநோக்கி, 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார்கள். அந்நூலை இன்று நாம் வகுப்பிற் படிக்கின்றோம் என்றால், பகிர்தலே காத்தல் என்பதை உணர்ந்தோர் இருந்தமையே காரணம்.

குறைபாடுகள்

நிறையை மட்டும் கூறுதல் ஆய்வாகாது. இவ்வாட்டத்தின் குறைகளையும் மாணவர் அறிதல் வேண்டும்.

முதலாவது, நாகரிகம் என்பது ஒரே ஏணி என்றும், எல்லா இனத்தாரும் அதே படிகளில் ஏறுவர் என்றும் ஆட்டம் கொள்கின்றது. வரலாறு அவ்வாறு நடந்ததன்று. இரண்டாவது, குடியேற்றக்காரர் செல்லுமிடம் பெரும்பாலும் வெற்றுநிலமாகக் காட்டப்படுகின்றது. உண்மையிலே குடியேறியோர் சென்ற நாடுகளிற் பெரும்பாலனவற்றில் முன்னரே மக்கள் வாழ்ந்திருந்தனர். அவர்தம் துயரம் கணக்கில் வருவதில்லை. மூன்றாவது, உலக அதிசயங்கள் என வைக்கப்பட்டவற்றிற் பல எகிப்து, கிரேக்கம், ஐரோப்பா என்பவற்றுக்கு உரியவை. அவற்றுள்ளே சேக்சுபியர் அரங்கமும் ஒன்று. அதனைக் கட்டிய நகரிலே மனக்குறை முழுவதும் நீங்குமாம். இலக்கியத்துக்கு இடமளித்தமை நன்று. ஆனால் இலக்கியம் குடிகளை அமைதியாக வைத்திருத்தற்குரிய மருந்து மட்டுமோ? சில வேளைகளில் அது உறங்கும் குடிகளை எழுப்புதற்கும் அன்றோ பிறக்கின்றது?

நான்காவது குறை ஆட்டத்தினது அன்று, ஆடுவோரது. ஓர் ஆட்டம் முடிதற்குப் பல மணி நேரம் செல்லும். "இன்னும் ஒரு முறை" என்னும் ஆசை இரவை விழுங்கிவிடும். இதனை எம் அனுபவத்தாலேயே கூறுகின்றோம். காலமறிதல் என்னும் அதிகாரத்தை ஆட்டத்துக்குள் மட்டுமன்றி வெளியேயும் நினைவிற் கொள்க.

முதல் மூன்று குறைகளுக்கும் ஒரு மருந்து ஆட்டத்துள்ளேயே இருக்கின்றது. அதன் விதிகள் யாவும் எவரும் திறந்து படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்புகளில் உள்ளன. புல்வெளி தரும் உணவு எவ்வளவு, அரங்கம் யாது செய்யும், எத்துறைக்கு எத்துறை முன்னது என்பனவெல்லாம் அங்கே எழுதப்பட்டுள்ளன. பிழையெனக் கண்டதை மாற்றி எழுதலாம். மாற்றிய உலகில் ஆடிப் பார்க்கலாம். குறைகூறுவோனை நோக்கி, "அப்படியாயின் திருத்துக" என்று கூறும் ஆட்டம் இது.

வகுப்பறையிற் பயன்

ஆசிரியரும் மாணவரும் முயன்று பார்த்தற்குரிய பயிற்சிகள் மூன்றை இங்குக் குறிக்கின்றோம்.

ஒன்று: நாளாகமம் எழுதுதல். மாணவர் நால்வர் ஒரு நாட்டை ஆள்க. பத்து முறைக்கு ஒருமுறை நிறுத்தி, நிகழ்ந்தவற்றை ஐந்து வாக்கியத்திலே செந்தமிழில் எழுதுக. "நகரம் கலகமுற்றது" என்பதோடு நில்லாது, ஏன் கலகமுற்றது என்பதையும் எழுதுக. காரணமும் காரியமும் இயைய எழுதுதலே கட்டுரைப் பயிற்சியின் உயிர்.

இரண்டு: விதியை மாற்றுதல். ஒரு விதியை மட்டும் மாற்றுக. மாற்றுமுன், விளைவு யாதாகும் என எழுதி வைக்க. ஆடியபின் ஒப்பிடுக. எண்ணியதும் நிகழ்ந்ததும் வேறுபடுமாயின், அவ்வேறுபாடே அன்றைய பாடம்.

மூன்று: மொழிபெயர்த்தல். ஆட்டத்தில் வரும் சொற்களும் தொடர்களும் நிரலிலிருந்து வேறாகத் தனிக் கோப்புகளில் வைக்கப்படுகின்றன. நிரல் அறியாதவரும் மொழிபெயர்க்கலாம். எவரிடமும் அனுமதி கேட்டல் வேண்டா. டெஸ்பொற்றிசம் என்பதை எதேச்சாதிகாரம் என்பதோ, கொடுங்கோன்மை என்பதோ? முன்னது ஆட்சியின் வடிவைக் கூறும். பின்னது அதன் தீமையையும் சேர்த்துக் கூறும். கறன்சி என்பதை நாணயம் என்றால், நேர்மை என்னும் பொருளும் உடன்வரும். அது நன்றோ தீதோ? இத்தகைய வினாக்களை மாணவர் தமக்குள்ளே வாதிடுவாராயின், ஒரு பருவத்து இலக்கணப் பாடம் அங்கே நடந்துவிடும்.

கணினி புதியதாய் இருத்தல் வேண்டும் என்பதில்லை. பிறர் கழித்த பழைய கணினியிலும் இவ்வாட்டம் இயங்கும்.

முடிவுரை

இம்மலர் பழைய மாணவர்களுக்கு உரியது. ஆதலின் அவர்களை நோக்கி ஒரு சொல் கூறி முடிக்கின்றோம்.

ஆர்கூஸ் மாணவர் மூவரும் சில மாதங்களில் எழுதிவிட்டுச் சென்றது சிறியது, குறையுடையது, அவர்களுக்கே சுவை குன்றியதாய்த் தோன்றியது. அது இன்று வாழ்வதற்குக் காரணம், அவர்கள் கதவைத் திறந்து வைத்துச் சென்றமையும், அவ்வழியே நுழைந்தோர் ஒவ்வொருவரும் தம்மால் இயன்ற ஒன்றைச் சேர்த்தமையும் ஆகும். ஒரு கல்லூரியின் வாழ்வும் இத்தகையதே. நிறுவியோர் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் இட்ட அத்திவாரத்தின்மேல் ஒரு தலைமுறையினர் மண்டபம் கட்டினர். ஒரு தலைமுறையினர் நூலகத்தை நிறைத்தனர். ஒரு தலைமுறையினர் இடிந்ததைத் திரும்ப எடுத்தனர். பெற்றதைப் பெற்றவாறே வைத்திருந்தவர் எவரும் இதனை வளர்த்திலர். திருத்திப் பின்வந்தோர்க்குக் கொடுத்தவரே வளர்த்தனர்.

அம்மாணவன் இப்பொழுது கல்லூரியை விட்டுச் சென்றுவிட்டான். அவனும் உங்களுள் ஒருவனாயினான். போகுமுன், கணினிக் கூடத்திலுள்ள எல்லாக் கணினிகளிலும் அவ்வாட்டத்தை அமைத்து, கீழ்வகுப்பார் ஆடுதற்கு ஏற்றவாறு விதிகள் சிலவற்றை எளிதாக்கி, அவற்றை ஒரு கொப்பியிலே தமிழில் எழுதி வைத்துப் போனான். அக்கொப்பியின் ஈற்றிலே, "பிழை இருந்தால் திருத்துங்கோ" என்று எழுதியிருந்தான். பிழைகள் சில இருந்தன. அவற்றைச் சென்ற தவணையில் எட்டாம் வகுப்பு மாணவர் திருத்திவிட்டனர்.